நாலு மாடு, ஒரு குடும்பம்: பழைய பழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

நானும் மனைவியும் சின்னதாக ஒரு பால் பண்ணை தொடங்க நினைக்கிறோம். நாலைந்து மாடு போதும். பணம் பெரிய நோக்கமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்பு வளைந்து வேலை செய்து, பெரியவர்களை மதித்து, ஆடம்பரமில்லாமல் வளர வேண்டும், அவ்வளவுதான். மாடு இருக்கிற வீட்டில் ஒழுக்கம் தானாக வரும் என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வீட்டில் பிறந்தவள் நான். கல்யாணமாகிப் போன வீட்டிலும் மாடுகள்தான். இப்போது ஆறு கறவை, இரண்டு கிடாரி. அதனால் எழுதுகிறேன்.

ஒழுக்கம் வரும், அதில் சந்தேகமில்லை. அதைக் கொண்டுவருவது மாட்டின் மடி. காலையில் கறந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் மறுபடி கறக்க வேண்டும். நேரம் தள்ளினால் மடி கனத்து வலிக்கும், பால் சொட்டும், உள்ளே அழுத்தம் ஏறிச் சுரப்பே குறையும். அடிக்கடி இப்படிச் செய்தால் மாடு பாலைக் குறைத்துக்கொள்ளும், மடிநோயும் வந்து சேரும். இது புரிந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டி எழுப்ப வேண்டியதில்லை. பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும், மாடு கூப்பிடும். அதற்கு மேல் படுத்திருக்க மனசு வராது.

அடுத்தது மென்மை. கன்று முட்டும்போதோ, நாம் காம்பைக் கழுவித் துடைக்கும்போதோ மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. ஒரு நிமிடம் போல ஆகும். பால் சுரக்கும் பைகளைச் சுற்றியிருக்கும் நுண்ணிய தசைகளை அது இறுக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. அதன் வேகம் சில நிமிடங்களுக்குத்தான், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து இந்த வேலையைத் தடுத்துவிடும். பாலை அடக்கிக்கொண்டது என்கிறோமே, அதுதான்.

ஆகவே கொட்டகைக்குள் குரல் உயரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் அப்பா கோபக்காரர். வீட்டுக்குள் தட்டு பறக்கும். கொட்டகை வாசலைத் தாண்டிவிட்டால் ஆளே மாறிவிடுவார். "வா தங்கம், கொஞ்சம் காலை மாத்து" என்று மாட்டிடம் அவர் பேசும் குரலை வீட்டுக்குள் நாங்கள் கேட்டதே இல்லை. சின்ன வயதில் நான் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவேன், அங்கே அவர் கத்த மாட்டார் என்பதற்காக.

பிப்ரவரி 3

மேலே எழுதியதைக் காலையில் படித்தபோது, உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது என்று தோன்றியது. மாட்டிடம் பொறுமை வந்துவிடும், வராவிட்டால் பால் வராது. அந்தப் பொறுமை மனிதர்களிடம் தானாகத் தாவாது. அதை வீட்டுக்குள் கொண்டுவருவது தனி வேலை. பல வீடுகளில் அந்த வேலையை யாரும் செய்யவில்லை.

பிப்ரவரி 3, மாலை

கறக்கும்போது வானொலி வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். தாராளமாக. தினமும் அதே நேரம், அதே அளவு சத்தம் என்றால் மாடு பழகிவிடும். புதிய சத்தம், புதிய ஆள், புதிய நாய், இவைதான் ஆகாது. என் சின்ன மகன் ஒரு நாள் கொம்புக்குழல் ஊதிக்கொண்டு உள்ளே வந்தான், அன்று மாலை ஆறு மாடுகளும் சேர்ந்து அவனுக்குப் பாடம் எடுத்தன.

பிப்ரவரி 5

பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்டவருக்கு.

எங்கள் வீட்டில் பெயரில்லாத மாடு கிடையாது. கன்று பிறந்ததும் பிள்ளைகள்தான் பெயர் வைப்பார்கள், அதில் பெரியவர்கள் தலையிடுவதில்லை. 2009-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் டக்ளஸ், பீட்டர் ரோலின்சன் இருவரும் 516 பால் பண்ணையாளர்களிடம் விசாரித்தார்கள். மாடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வுக்கு அதே ஆண்டில் இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

பெயரே பாலைக் கொண்டுவரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவருக்கு அந்த மாட்டைத் தெரியும். எது முதலில் தண்ணீர் குடிக்கும், எதற்குக் கூச்சம், எதற்கு வலது பின்காம்பு மெதுவாக விடும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். காலையில் ஒரு மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டால், பெயர் தெரிந்தவர் அப்போதே நின்று பார்ப்பார். காது குளிர்ந்திருக்கிறதா, அசைபோடுகிறதா, சாணி எப்படி இருக்கிறது என்று கவனிப்பார். எண் மட்டும் தெரிந்தவர் பால் குறைந்த பிறகு கவனிப்பார். நல்ல உடம்போடு இருக்கும் மாடு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும், பத்து முதல் பதினாலு மணி நேரம் படுத்திருக்கும். இதெல்லாம் அருகில் இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள். என் மகள் வகுப்புத் தோழி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆசிரியரிடம் போய்ச் சொன்னாளாம், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். கொட்டகையில் கற்றது பள்ளிக்கூடத்தில் பயன்பட்டது. அப்படித் தாவுகிற நாளும் உண்டு என்று பிப்ரவரி 3 குறிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 6

பெயர் வைத்தால் விற்கும்போது என்ன செய்வீர்கள் என்று சரியாகத்தான் கேட்கிறீர்கள்.

அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். பால் பண்ணை என்றால் கன்று வேண்டும், பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்தச் சின்னக் குடும்பத்தாலும் முடியாது. வயதான மாட்டைப் பற்றியும் ஒருநாள் முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மாட்டை வண்டியேற்றிவிட்டு, "அது வேற பண்ணைக்கு விளையாடப் போயிருக்கு" என்று சொல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை நான் நிறுத்தினேன். வாங்குபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள், இரண்டு நாள் பேசாமல் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த முறை நான் சொல்வதை நம்புகிறார்கள். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்றால் பெரியவர்கள் பொய் சொல்லாமல் இருப்பதில் தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 9

"பச்சைப் பால்தான் பழைய காலத்து வலிமை, காய்ச்சினால் சத்துப் போய்விடும்" என்று எழுதியவருக்கு, கோபமில்லாமல் ஆனால் அழுத்தமாகவே சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பச்சைப் பால் தராதீர்கள்.

மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விடாத காய்ச்சல் வாட்டியது. 1887-இல் டேவிட் புரூஸ் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. 1905-இல் தெமிஸ்டோக்லஸ் ஜாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தில் அதைக் கண்டார். அந்த ஆடுகள் பார்வைக்கு எந்த நோயும் இல்லாதவை. படைவீரர்களுக்கு அந்த ஆட்டுப் பாலை நிறுத்தியதும் அவர்களிடம் காய்ச்சல் சட்டென்று விழுந்தது. இன்று புரூசெல்லா நோய் என்கிறோமே, அதுதான் இது. "எங்கள் மாடு ஆரோக்கியமாக இருக்கிறது" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு மதிப்பில்லை என்பதை இந்த ஒரு கதையே சொல்லிவிடும். காசநோய்க் கிருமியும் பாலில் வரும்.

63 டிகிரியில் முப்பது நிமிடம், அல்லது 72 டிகிரியில் பதினைந்து விநாடி சூடாக்கினால் இந்தக் கிருமிகள் சாகும். வீட்டில் பொங்கக் காய்ச்சினால் அதற்கு மேலேயே சூடு ஏறிவிடுகிறது. வைட்டமின் சில கொஞ்சம் குறையும், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும். என் அம்மாவும் அவருடைய அம்மாவும் காய்ச்சாத பாலைக் குழந்தைக்குத் தந்ததில்லை. அதுவும் பழைய பழக்கம்தான்.

இன்னொன்று. கன்று வீசிவிட்ட, அதாவது சினை கலைந்துவிட்ட மாட்டையும் நச்சுக்கொடியையும் வெறும் கையால் தொடக் கூடாது. பிள்ளைகளை அன்று கொட்டகைப் பக்கமே விடாதீர்கள்.

பிப்ரவரி 10

சீம்பால் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இதில் பெரியவர்களை மதிப்பது என்ற விஷயமும் சேர்ந்து வருகிறது.

நச்சுக்கொடி விழுந்த பிறகே கன்றைக் குடிக்க விட வேண்டும் என்பது என் மாமியாரின் உறுதியான கருத்து. அவர் தன் மாமியாரிடம் கற்றது. சில மாடுகளுக்கு நச்சுக்கொடி விழ அரைநாள்கூட ஆகும். அதுவரை கன்று வெறும் வயிற்றில் நிற்கும். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடுகிறது, கன்றுக்கு அப்படி வருவதில்லை. சீம்பாலில்தான் வர வேண்டும். கன்றின் குடல் அந்தச் சக்தியை அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான். நேரம் போகப் போகக் குறைந்து, ஒரு நாளில் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் பால் உள்ளே போய்விட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கன்று ஊட்டும்போது சுரக்கும் அதே ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும், நச்சுக்கொடி விழவும் அது உதவும்.

கல்யாணமான புதிதில் இதை நான் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. "நேத்து வந்தவ எனக்கு மாடு வளர்க்கச் சொல்லித் தர்றாளா?" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அவர் அனுபவத்தை முழுக்கக் கேட்டார். எத்தனை கன்று கழிந்து செத்தது, எந்த வாரத்தில் செத்தது என்று அவரையே சொல்லவைத்தார். அத்தைக்கு ஒவ்வொரு கன்றும் நினைவிருந்தது. அவர் சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சீம்பால் விஷயத்தில் அவரைப் போலக் கண்டிப்பானவர் கிடையாது. நடுராத்திரியில் கன்று விழுந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மதிப்பு என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் கன்றுகள் செத்திருக்கும். அவரை ஒதுக்கிவிட்டு நான் செய்திருந்தால், ராத்திரி காவலுக்கு அவர் வந்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 14

பிள்ளைகளுக்கு என்ன வேலை தரலாம்?

சின்னவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது, கன்றைத் தடவிப் பழக்குவது, பால் அளவைக் குறிப்பேட்டில் எழுதுவது. கொட்டகையிலும் வேலியோரத்திலும் கிடக்கும் ஆணி, கம்பித் துண்டு பொறுக்குவதும் நல்ல வேலை. விளையாட்டாகத் தோன்றும், ஆனால் உயிர் காக்கும் வேலை. மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும் பிராணி, தீவனத்தோடு கம்பியும் போய்விடும். அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, சுவரைக் குத்தி, முன்னால் இருக்கும் இதயம்வரை போகும். அதற்காகவே மாட்டுக்கு ஒரு சிறு காந்தத்தை விழுங்க வைப்பார்கள். அது அந்த இரைப்பையிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைக் கேட்ட நாள் முதல் என் மகன் கம்பி பொறுக்குவதில் ஒரு நாளும் சோம்பியதில்லை.

மாட்டின் நேர் பின்னால் போகக் கூடாது. அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நேர் பின்புறம் மட்டும் தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். தீவனம் நறுக்கும் இயந்திரம், காளை, புதிதாகக் கன்று போட்ட மாடு, இந்த மூன்றின் அருகிலும் பிள்ளைகளுக்கு இடமில்லை. பள்ளிக்கூட நேரத்தை எந்த மாட்டுக்காகவும் எடுக்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நான் வளர்ந்த வீட்டில் சாணி அள்ளுவதும் கொட்டகை கழுவுவதும் பெண்பிள்ளைகளுடையது. பால் கேனைக் கொண்டுபோய் ஊற்றி, பணம் வாங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டு வருவது ஆண்பிள்ளைகளுடையது. இரண்டும் வேலைதான். ஒன்றுக்கு "கெட்டிக்காரன்" என்று பேர் கிடைத்தது, மற்றதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அண்ணனை நான் குறை சொல்லவில்லை, அவனுக்குத் தெரியவே தெரியாது. என் வீட்டில் வாரம் மாறினால் வேலை மாறும். மகனும் சாணி அள்ளுவான், மகளும் பணம் எண்ணுவாள்.

பிப்ரவரி 15

"அந்தக் காலத்துப் பெண்கள் விரும்பித்தானே செய்தார்கள்" என்று ஒருவர். ஆமாம், என் அம்மாவுக்கு மாடுகள் என்றால் உயிர். அதை யாரும் மறுக்க முடியாது. ராத்திரி கொட்டகையில் ஒரு பெருமூச்சு மாறிக் கேட்டாலும் எழுந்துவிடுவார். எது சினைப் பருவத்துக்கு வரும், எது கன்று போட நெருங்கிவிட்டது, எல்லாம் அவருடைய விரல் நுனியில்.

ஆனால் பால் கணக்கு அப்பா பெயரில். மாட்டுக் கடன் அப்பா பெயரில். பயிற்சி வகுப்பு என்று யாராவது கூப்பிட்டால் போனது அப்பா. கறக்காத அப்பாவுக்குக் கறவை பற்றிப் பயிற்சி! அம்மா தனக்கென்று ஒரு செருப்பு வாங்க அவரிடம் கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஐ.நா. சபை 2014-ஐக் குடும்ப விவசாய ஆண்டாகவும், 2019 முதல் 2028 வரை குடும்ப விவசாயப் பத்தாண்டாகவும் அறிவித்தது. அந்த வரிசையில் 2026 பெண் விவசாயிகளுக்கான ஆண்டு. "குடும்பம்" என்று சொல்லிவிட்டால் உள்ளே யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பது மறைந்துவிடுகிறது, அதனால் பெண்களுக்கென்று தனியாக ஓர் ஆண்டு தேவைதான் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்ட நண்பரே, பண்ணை தொடங்கினால் முதல் நாளே கணக்கை இரண்டு பேர் பெயரிலும் எழுதுங்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு மரியாதையைப் பற்றித் தனியாக வகுப்பு வேண்டியதில்லை.

பிப்ரவரி 20

நேர்மை பற்றி யாருமே கேட்கவில்லை, ஆனால் பாலைப் பேசிவிட்டு அதை விடக் கூடாது.

பாலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் பாலை வெறும் அளவை வைத்து வாங்கிய காலத்தில், தண்ணீர் ஊற்றியவனுக்கும் ஊற்றாதவனுக்கும் ஒரே விலை. ஏடெடுத்துவிட்டுக் கொடுத்தவனுக்கும் அதே விலை. பால்மானி வந்தபோது தண்ணீரைக் காட்டியது. தண்ணீர் சேர்ந்தால் பாலின் அடர்த்தி குறையும், பால்மானி தாழ இறங்கும். ஏடெடுத்தால் அடர்த்தி கூடும். அதனால் இரண்டையும் அளந்து செய்தவனிடம் பால்மானி ஏமாந்தது. 1890-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் பாப்காக் ஒரு சோதனை கண்டுபிடித்தார். பாலில் கந்தக அமிலம் சேர்த்தால் கொழுப்பைத் தவிர மற்றவை கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றினால் கொழுப்பு மேலே கழுத்துக்கு வந்து நிற்கும், கோட்டைப் பார்த்து அளவு சொல்லிவிடலாம். சின்னப் பண்ணைக்காரரும் செய்யக்கூடிய அளவுக்கு எளிது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு எப்போதும் கண் கலங்கும். அதுவரை நேர்மையாக இருந்தவர்கள் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தார்கள், அவர்களுக்கு உரிய விலையை அவர்தான் வாங்கிக்கொடுத்தார்.

வீட்டில் நேர்மைக்கு இன்னொரு பரீட்சை உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாள்வரை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. கேனில் கலந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதைக் கீழே ஊற்றும்போது பிள்ளைகள் பார்க்கட்டும்.

பிப்ரவரி 27

இரண்டு முறை கறவை, நேரம் தவறக் கூடாது என்று நான் முதலில் பெருமையாக எழுதியதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. நாங்கள் ஒரு குடும்பமாக எல்லோரும் சேர்ந்து எங்கும் போய்த் தங்கியதில்லை. என் தம்பி கல்யாணத்தில் நானும் பிள்ளைகளும் இருக்கிறோம், கணவர் எந்தப் படத்திலும் இல்லை. காய்ச்சலோடு கறந்திருக்கிறேன். பிரசவமாகி வந்த அன்று மாலை, கைமாறியதால் ஒரு மாடு பாலே விடவில்லை என்று மாமனார் என் படுக்கைப் பக்கம் வந்து நின்றது எனக்கு மறக்காது. அவர் கெட்டவர் இல்லை. வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

வழி இருக்கிறது. ஒன்று, வீட்டில் ஒவ்வொரு மாடும் குறைந்தது இரண்டு பேர் கைக்குப் பழகியிருக்க வேண்டும். நடுவில் மாறி மாறிக் கறந்தால் போதும். இரண்டு, கன்று போடுவதற்கு முன் அறுபது நாள் மாட்டைக் கறக்காமல் வற்றவிடுகிறோம், மடிக்கு அந்த ஓய்வு தேவை. சினை ஊசி போடும் காலத்தைச் சேர்த்து வைத்துத் திட்டமிட்டால், பெரும்பாலான மாடுகள் ஒரே சமயத்தில் வற்றும், குடும்பத்துக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். வருமானம் அந்த மாதங்களில் குறையும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். மூன்று, நியூசிலாந்தில் சில பண்ணைகள் நாளுக்கு ஒரு முறை மட்டும் கறக்கின்றன. மாடுகளைப் பொறுக்கி எடுத்துப் பழக்கிச் செய்கிறார்கள். பால் குறையும், மாலை முழுவதும் குடும்பத்துக்கென்று கிடைக்கும். பாலைக் குறைத்து நேரத்தை வாங்கிக்கொள்வது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, உங்களுக்கு ஆகலாம்.

பக்கத்துப் பண்ணைக்காரரோடு பேசி வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட நல்லது. அவர் வீட்டில் துக்கம் என்றால் நான் போய்க் கறப்பேன், என் வீட்டில் என்றால் அவர் மனைவி வருவார். இதற்குக் கணக்கு எழுதி வைத்தால் உறவு கெடும் என்பார்கள். எங்களுக்குள் யார் கடைசியாக உதவினோம் என்பது இரண்டு பேருக்கும் நன்றாக நினைவிருக்கிறது, இருந்தும் உறவு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 3

"பணம் பெரிய நோக்கமில்லை" என்ற வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றிக்கொள்ளுங்கள். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குப் போகும். பணம் குறைந்தால் முதலில் குறைவது மாட்டின் தட்டுதான். கன்று போட்ட புதிதில் தீனி போதாத மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் தரும். அது எல்லை மீறினால் தீனியே எடுக்காமல் படுத்துவிடும். குறிப்பேடு போட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் பால் எவ்வளவு, தீவனம் எவ்வளவு என்று எழுதுங்கள். எளிமையாக வாழ்வதற்கும் கணக்கு வேண்டும்.

மார்ச் 4

பெரியவர்கள் பற்றி விட்டுப்போனது. இப்போது மாமனாருக்குக் கை நடுங்குகிறது, கறக்க முடியாது. ஆனால் சினைப் பருவத்தைக் கண்டுபிடிப்பது முழுக்க அவர் பொறுப்பு. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை வரும், அரைநாள், முக்கால் நாளில் போய்விடும், பல மாடுகளுக்கு ராத்திரியில்தான் தெரியும். வேலையாய் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் கண்ணுக்கு அது தப்பும். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, கண்ணாடி போல வழும்பு தொங்குகிறதா என்று பார்த்து, காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்று சொல்லிவிடுவார். தவறவிட்ட ஒவ்வொரு பருவமும் மூன்று வாரப் பால். அவருக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அவர் பேச்சுக்கு இன்னும் எடை இருக்கிறது.

பிரசவ நாள் விஷயத்தை அவரிடம் பல வருடம் கழித்துப் பேசினேன். "உன்கிட்ட வந்து நின்னது தப்பும்மா" என்றார். என் மகன் அப்போது பக்கத்தில் இருந்தான்.

மார்ச் 6

சரி, எந்த மாட்டை வாங்குவது என்ற கேள்விக்கு வந்துவிட்டீர்கள், அப்படியானால் முடிவு செய்துவிட்டீர்கள் என்று தெரிகிறது.

நாலைந்தில் தொடங்க வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள். ஒன்று கறவையில், மற்றது சினையில் இருக்கட்டும். அதற்கு முன் யாராவது ஒரு பண்ணையில் கொஞ்ச காலம் காலை மாலை போய் வேலை செய்யுங்கள், குடும்பமாக. மாடு பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியும் வரட்டும். காலை, மாலை, மறுநாள் காலை என்று தொடர்ந்து கறவையை நேரில் பாருங்கள். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது பழைய தந்திரம், அடுத்தடுத்த கறவையில் அது வெளிப்பட்டுவிடும். நாலு காம்பிலும் முதல் பீச்சலைக் கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரிதிரியாக இருந்தால் வேண்டாம். புரூசெல்லா, காசநோய் இரண்டுக்கும் பரிசோதனை முடிந்த பிறகே பணம். கறந்து முடித்ததும் விற்பவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறாரா என்று கவனியுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரம் போல ஆகும், அதுவரை மாடு படுக்காமல் நின்று தின்னட்டும் என்று வைப்பது. அப்படி வைக்கிறவருடைய கொட்டகையில் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வாங்கலாம். உங்கள் மனைவி உட்கார்ந்து கறந்து பார்க்கட்டும், அப்புறம் நீங்கள். மாடு இரண்டு பேருக்கும் பால் விட்டால் பேரம் பேசத் தொடங்குங்கள்.